பிரம்பும் பாராட்டும்

தொடக்கப் பள்ளியில் ஒழுங்கை நிலைநாட்டுவது எவ்வாறு என்னும் வினா, ஆசிரியத் தொழிலைப் போலவே பழமையானது. ஐந்து வயது முதல் பத்து வயது வரையுள்ள நாற்பது குழந்தைகளை ஓர் அறையில் அமர்த்திப் பாருங்கள். ஒருவன் ஓயாது பேசுவான். ஒருத்தி பக்கத்தில் இருப்பவளுடைய பலப்பத்தை எடுத்துக்கொள்வாள். இன்னொருவன் சன்னலுக்கு வெளியே ஓடும் அணிலைப் பார்த்துக்கொண்டிருப்பான். இவர்களை ஒரு வழிக்குக் கொண்டுவருவதற்குப் பிரம்பு ஒன்றே கருவி என்று நெடுங்காலம் நம்பப்பட்டு வந்தது. பிரம்பின் வரலாறு எல்லோருக்கும் தெரிந்ததே. தாத்தாமாரைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். ஆனால், அதே பள்ளிகளில் பாராட்டும் இருந்தது. அதற்கும் ஒரு வரலாறு உண்டு. அவ்வரலாறு நம் பழைய சென்னை மாகாணத்தோடு மிக நெருங்கிய தொடர்பு உடையது என்பதை மாணவர்களாகிய உங்களுள் பலர் அறிந்திருக்கமாட்டீர்கள். அதைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன்.

1822ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தின் ஆளுநராக இருந்த சர் தாமஸ் மன்றோ, ஒவ்வொரு மாவட்டத்திலும் எத்தனை பள்ளிகள் இருக்கின்றன, எத்தனை பிள்ளைகள் படிக்கிறார்கள், என்னென்ன கற்பிக்கப்படுகிறது என்று விசாரித்து எழுதுமாறு கலெக்டர்களுக்கு ஆணையிட்டார். பதில்கள் வந்து சேர மூன்று ஆண்டுகள் ஆயின. அவற்றைத் தொகுத்துப் பார்த்து, மாகாணம் முழுவதிலும் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணாக்கர்களும் இருப்பதாக 1826இல் மன்றோ தம் குறிப்பில் எழுதினார். இக்கடிதங்கள் பல காலம் ஆவணக் கட்டுகளுக்குள் உறங்கிக் கிடந்தன. தரம்பால் என்னும் அறிஞர் அவற்றைத் தேடி எடுத்து 1983இல் நூலாக வெளியிட்டார்.

பெரும்பாலான கலெக்டர்கள் கேட்ட எண்ணிக்கையைக் கொடுத்துவிட்டு ஓய்ந்துவிட்டார்கள். பல்லாரி மாவட்டத்தின் கலெக்டர் காம்பெல் மட்டும் அப்படிச் செய்யவில்லை. பள்ளிக்கூடத்துக்குள்ளேயே நம்மை அழைத்துச் செல்வதுபோல, 1823ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் விரிவானதொரு கடிதம் எழுதினார். பல்லாரி, கன்னடமும் தெலுங்கும் வழங்கும் பகுதி. ஆயினும், அங்கே அவர் கண்ட பள்ளிக்கும் நம் திண்ணைப் பள்ளிக்கும் பெரிய வேற்றுமை இல்லை. காலையில் பள்ளிக்கு முதலில் வரும் சிறுவனுடைய உள்ளங்கையில் ‘சரசுவதி’ என்னும் பெயரை எழுதுவார்களாம். அது அவனுக்குச் செய்யும் மரியாதை. இரண்டாவதாக வருபவன் கையில் ஒரு சுழி போடுவார்கள். அவன் புகழ்ச்சிக்கும் உரியவன் அல்லன், இகழ்ச்சிக்கும் உரியவன் அல்லன் என்பது அதன் பொருள். மூன்றாமவனுக்கு மெல்ல ஓர் அடி; நான்காமவனுக்கு இரண்டு; அதன்பின் வருகின்ற ஒவ்வொருவனுக்கும் ஒவ்வோர் அடி கூடிக்கொண்டே போகும்.

சோம்பேறிப் பிள்ளைக்கு வேறு தண்டனைகள் இருந்தன. கைகளைக் கட்டிக் கூரையிலிருந்து தொங்கவிடுவார்கள். நம் பக்கத்தில் இதற்காகக் கட்டிய கயிற்றுக்கே ‘கோதண்டம்’ என்று பெயர். இல்லையேல் ஓயாமல் உட்கார்ந்து எழச் செய்வார்கள். இரண்டாவது தண்டனை மிகுந்த வேதனை தருவதாயினும் உடம்புக்கு ஒருவேளை நல்லதாக இருக்கலாம் என்று காம்பெல் துரை எழுதி வைத்திருக்கிறார். தோப்புக்கரணம் போட்டுப் பார்க்காதவர் எழுதக்கூடிய வாக்கியம் அது!

அந்த உள்ளங்கையைச் சற்றே எண்ணிப் பாருங்கள். கலைமகளின் பெயரைத் தாங்குவதும் பிரம்படியைத் தாங்குவதும் ஒரே கைதான். ஒரு குழந்தையின் கையில் தெய்வத்தின் பெயரை எழுதிப் பெருமைப்படுத்தத் தெரிந்த ஆசிரியர், குழந்தையின் மனத்தை நன்கு அறிந்தவராகவே இருந்திருக்கவேண்டும். பாராட்டின் ஆற்றல் நம்மவர்க்குப் புதிதன்று. ஆனால், அந்தப் பாராட்டை அவர்கள் எவ்வளவு அரிய பொருளாக ஆக்கிவிட்டார்கள் என்பதையும் பார்க்கவேண்டும். முப்பது பிள்ளைகள் உள்ள பள்ளியில் பெருமை ஒருவனுக்கே. சுழி ஒருவனுக்கு. மற்ற இருபத்தெட்டுப் பேருக்கும் அடி. கணக்குப்படி பார்த்தால் முப்பதாவதாக வருபவனுக்கு இருபத்தெட்டு அடி!

கடைசியில் வருபவன் யார்? அவன்தான் வகுப்பிலேயே சோம்பேறி என்று யார் சொல்லமுடியும்? எங்கள் ஆயக்குடியில் கொய்யாத் தோப்புகள் மிகுதி. காய்ப்புக் காலத்தில் விடியுமுன் தோப்புக்குப் போய்ப் பழம் பறித்துக் கூடையில் அடுக்கிச் சந்தைக்கு அனுப்பவேண்டும். பெற்றோருக்குக் கூடமாட உதவிவிட்டு, கால் மண்ணைக் கழுவிக்கொண்டு பள்ளிக்கு ஓடிவரும் பிள்ளை நேரத்துக்கு வரமுடியாது. தம்பியை இடுப்பில் சுமந்துகொண்டு, தாய் வேலைக்குப் போன பிறகு வீட்டைப் பூட்டிவிட்டு வரும் சிறுமியும் பின்தங்கியே வருவாள். வீட்டில் பொறுப்புடன் நடந்துகொண்டதே அவர்கள் செய்த குற்றம். வருகை நேரம் ஒன்றையே அளவுகோலாகக் கொண்ட பள்ளி, அந்தப் பொறுப்பைக் காணவில்லை. அது கண்டது தாமதத்தை மட்டுமே.

காம்பெல் இக்கடிதத்தை எழுதுவதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே, சென்னை எழும்பூரில் வேறொரு சோதனை நடந்தது. அதைச் செய்தவர் ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார். ஸ்காட்லாந்து நாட்டின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் 1753இல் பிறந்தவர்; 1787இல் சென்னைக்கு வந்தவர். கும்பினிப் படையிலிருந்த ஐரோப்பியச் சிப்பாய்களின் ஆதரவற்ற ஆண் குழந்தைகளுக்காக 1789இல் எழும்பூரில் ஓர் இல்லம் தொடங்கப்பட்டது. அதன் தலைமைப் பொறுப்பைப் பெல் ஏற்றார். அதற்கெனக் கொடுக்க முன்வந்த சம்பளத்தை வேண்டாம் என்று மறுத்துவிட்டார்.

அவருக்கு வாய்த்த துணையாசிரியர்கள் ஆர்வமற்றவர்கள். ஒருநாள் பெல், நம் நாட்டுப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் தரையில் மணலைப் பரப்பி விரலால் எழுத்துப் பழகுவதைக் கண்டார். அம்முறையைத் தம் பள்ளியிலும் கையாளுமாறு துணையாசிரியர்களிடம் சொன்னார். இயலாது என்று அவர்கள் கைவிரித்தார்கள். பெல் அவர்களோடு வாதாடவில்லை. ஜான் ஃபிரிஸ்கன் என்னும் எட்டு வயதுச் சிறுவனை அழைத்தார். அவன் ஒரு சாதாரணச் சிப்பாயின் மகன். சின்னஞ்சிறு பிள்ளைகளுக்கு எழுத்துக் கற்பிக்கும் பொறுப்பை அவனிடம் ஒப்படைத்தார். பெரியவர்கள் இயலாது என்று ஒதுக்கியதை அச்சிறுவன் செய்து காட்டினான். அவனைப் பின்பற்றி வேறு சிறுவர்களும் பொறுப்பேற்றார்கள். மாணவனே மாணவனுக்குக் கற்பிக்கும் இந்த ஏற்பாடு பின்னர் இங்கிலாந்துக்குச் சென்று ‘மதராஸ் முறை’ என்னும் பெயரோடு பரவியது. நம் திண்ணைப் பள்ளிச் சட்டாம்பிள்ளை இதைக் கேட்டால், “இது நான் நெடுநாளாகச் செய்துவரும் வேலை அல்லவா?” என்று சிரித்திருப்பான். பெல் பிறந்த ஊரில் அவர் விட்டுச்சென்ற பொருளைக் கொண்டு எழுந்த பள்ளிக்கு இன்றும் ‘மதராஸ் கல்லூரி’ என்றே பெயர். ஸ்காட்லாந்தின் கடற்கரையில் நம் சென்னையின் பழைய பெயர் வழங்கிவருகிறது!

கற்பிக்கும் முறையைவிட அவருடைய ஒழுங்கு முறையே நமக்கு இங்கு முக்கியம். பிள்ளைகள் செய்யும் குற்றங்களை ஒரு கறுப்புப் புத்தகத்தில் அன்றன்றே எழுதி வைப்பார்கள். வாரத்துக்கு ஒருமுறை பள்ளி முழுவதும் கூடும். புத்தகம் படிக்கப்படும். மாணவர்களிலிருந்தே நடுவர்கள் அமர்ந்து, குற்றத்தைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்வார்கள். கோபம் மூண்ட கணத்தில் பிரம்பை ஓங்கும் வழக்கம் இதனால் குறைந்தது. தண்டனை ஒன்றுகூடத் தேவைப்படாமல் பல மாதங்கள் கழிந்தன என்றும், ஒரு தலைமுறைச் சிறுவர்களின் நடத்தையே மாறிவிட்டது என்றும் பெல் எழுதினார். தம் பள்ளியைப் பற்றித் தாமே எழுதியதாகையால் அதில் சிறிது பெருமிதம் கலந்திருக்கலாம்; தலைமையாசிரியர்கள் எழுதும் ஆண்டறிக்கைகள் எல்லாம் அப்படித்தான்! ஆனாலும் அதன் உட்கருத்து மெய்யே என்பது என் துணிபு. ஆதரவற்ற சிப்பாய் மகனைப் பார்த்து, “நீ கற்பிக்கத் தகுந்தவன், நீ நியாயம் சொல்லத் தகுந்தவன்” என்று ஒருவர் சொல்கிறார். வாயால் சொல்லாமல் பொறுப்பைக் கொடுத்துச் சொல்கிறார். அவனிடம் உள்ள நற்குணத்தை அறிந்துகொண்டதற்கு இதைவிடப் பெரிய சான்று எது?

பெல் 1796இல் இங்கிலாந்து திரும்பினார். 1797இல் தம் சோதனையை நூலாக வெளியிட்டார். ஏறத்தாழ அதே காலத்தில் லண்டனில் ஜோசப் லங்காஸ்டர் என்னும் இளைஞர் ஏழைப் பிள்ளைகளுக்காகப் பள்ளி தொடங்கி, மாணவனைக் கொண்டே மாணவனுக்குக் கற்பித்தார். அவர் பிரம்பை வெறுத்தவர். அதற்கு ஈடாகப் பரிசுகளைக் குவித்தார். நன்றாக நடப்பவனுக்கு ஒரு சீட்டு. சீட்டுகள் சேர்ந்தால் பந்து, மட்டை, காற்றாடி. மிகச் சிறந்தவனுக்கு வெள்ளிப் பதக்கம். கேட்பதற்கு நன்றாகவே இருக்கிறது. ஆனால், அதே பள்ளியில் தவறு செய்த பிள்ளையின் கழுத்தில் மரக்கட்டை மாட்டினார்கள். காலில் விலங்கு பூட்டினார்கள். சில வேளைகளில் கூடையில் உட்காரவைத்துக் கூரையில் கட்டித் தொங்கவிட்டு, கூண்டுப் பறவை என்று மற்றவர்கள் நகைக்கச் செய்தார்கள். பல்லாரிச் சிறுவன் கயிற்றில் தொங்கினான். லண்டன் சிறுவன் கூடையில் தொங்கினான். பிரம்பை ஒழித்துவிட்டேன் என்று சொல்லிக்கொண்ட சீர்திருத்தக்காரருக்கும் அவமானத்தை ஒழிக்க மனம் வரவில்லை. ஒருவன் கழுத்தில் பதக்கமும் இன்னொருவன் கழுத்தில் கட்டையும் தொங்கும் வகுப்பறையில், அந்தப் பதக்கம் உண்மையிலேயே பாராட்டுத்தானா?

இந்த ஐயத்துக்கு விடை தந்தவர் மரியா மாண்டிசோரி அம்மையார். அவரை அயல்நாட்டார் என்று நாம் ஒதுக்கிவிட இயலாது. 1939இல் அவர் அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். உலகப் போர் மூண்டபின் தாய்நாடு திரும்ப முடியாமல் இந்தியாவிலேயே தங்கினார். 1942 முதல் 1944 வரை அவர் வாழ்ந்த ஊர் கொடைக்கானல். ஆயக்குடியில் நின்று தெற்கே நோக்கினால் கண்ணுக்குத் தெரிகிறதே, அந்தப் பழனி மலைத்தொடரின் மேல்தான் அம்மையார் குழந்தைகளைக் கவனித்துக்கொண்டும் எழுதிக்கொண்டும் இருந்தார். இதை எண்ணும்போதெல்லாம் எனக்குச் சற்றுப் பெருமையாகவே இருக்கும்.

1907இல் ரோமாபுரியின் ஏழைமக்கள் பகுதியில் அவர் தம் முதற் பள்ளியைத் தொடங்கினார். அக்காலத்தில் தாம் கண்ட ஒரு காட்சியை அவர் எழுதியிருக்கிறார். நல்ல பிள்ளை என்று ஆசிரியை ஒரு சிறுவனுக்குப் பதக்கம் அணிவித்திருந்தார். வேறொரு சிறுவனைத் தண்டனையாக நாற்காலி ஒன்றில் தனியே உட்கார வைத்திருந்தார். பதக்கம் அணிந்தவன் தன் வேலையில் மூழ்கி அங்குமிங்கும் நடந்துகொண்டிருந்தபோது பதக்கம் கழன்று விழுந்தது. தண்டனை பெற்றவன் அதை எடுத்து, “இதோ, நீ போட்டுவிட்டாயே” என்றான். மற்றவன் அதைப் பொருட்படுத்தவே இல்லை. “அப்படியானால் நான் அணிந்துகொள்ளட்டுமா?” “அணிந்துகொள்!” அவ்வளவுதான். வேலையில் இன்பம் கண்டவனுக்குப் பதக்கம் தேவைப்படவில்லை. வேலையின்றி உட்கார்ந்திருந்தவனுக்கே அது ஓர் ஆறுதலாக இருந்தது.

பிற்காலத்து ஆராய்ச்சிகளும் இக்காட்சிக்கு அரணாக நிற்கின்றன. 1973இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் லெப்பர் முதலிய மூவர், படம் வரைவதில் விருப்பமுள்ள மழலைப் பள்ளிக் குழந்தைகளை மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினரிடம், வரைந்தால் அழகிய சான்றிதழ் தருவதாக முன்னதாகவே சொன்னார்கள். மற்றொரு பிரிவினருக்கு, ஒன்றும் சொல்லாமல், வரைந்து முடித்தபின் எதிர்பாராத வகையில் அதே சான்றிதழைக் கொடுத்தார்கள். மூன்றாம் பிரிவினருக்கு எதுவுமில்லை. சில நாட்கள் கழித்துப் பார்க்கும்போது, முன்னரே பரிசு பேசப்பட்ட குழந்தைகள் தாமாக வரைய எடுத்துக்கொள்ளும் நேரம் மற்றவர்களுடையதில் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தது. எதிர்பாராமல் பெற்றவர்களிடம் அந்தக் குறைவு காணப்படவில்லை. முன்கூட்டிப் பேசிய பரிசு கூலியாகிவிடுகிறது. கூலி நின்றால் வேலையும் நிற்கும் என்பதை நம் ஊர்க் களத்துமேட்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். லங்காஸ்டரின் சீட்டுகளில் இருந்த குறை இதுவே.

அடுத்ததைச் சற்று விரித்தே சொல்லவேண்டும். 1975இல் மில்லர், பிரிக்மன், போலன் என்னும் மூவர், சிகாகோ நகரத்துப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு மாணவர்களிடம் செய்த சோதனை அது. தரையில் குப்பை போடும் பழக்கத்தை மாற்றுவது எப்படி? ஒரு வகுப்பில், குப்பை போடலாகாது, தூய்மையாக இருக்கவேண்டும் என்று நாள்தோறும் அறிவுரை கூறினார்கள். மற்றொரு வகுப்பில் அறிவுரையே இல்லை. “நீங்கள் தூய்மை பேணுகிறவர்கள்” என்று வகுப்பாசிரியர் சொன்னார், தலைமையாசிரியர் சொன்னார், அறையைப் பெருக்குகிற ஊழியரும் அதையே தெரிவித்தார். மூன்றாம் வகுப்பில் எதுவும் செய்யவில்லை. பிறகு பிள்ளைகளுக்குத் தாள் சுற்றிய மிட்டாய் கொடுத்து, எத்தனை தாள்கள் குப்பைக் கூடைக்குப் போயின, எத்தனை தரையில் கிடந்தன என்று எண்ணிப் பார்த்தார்கள். தூய்மையானவர்கள் என்று சொல்லப்பட்ட வகுப்பே மிகச் சிறப்பாக நடந்துகொண்டது. இரண்டு வாரங்களுக்குப் பிறகு பார்த்தபோதும் அப்பழக்கம் அவர்களிடம் நிலைத்திருந்தது. அறிவுரை கேட்ட வகுப்பில் அந்த அளவுக்குப் பயன் இல்லை.

நாற்பது ஆண்டுகள் பள்ளியின் காலைக் கூட்டங்களில் அறிவுரை கேட்டவர்களும் கூறியவர்களும் இந்த முடிவைச் சற்று யோசித்துப் பார்க்கலாம். “குப்பை போடாதே” என்று சொல்லும்போது, நீ குப்பை போடுகிறவன் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறோம். குழந்தை இரண்டாவதைத்தான் நினைவில் வைத்துக்கொள்கிறது. தான் எப்படிப்பட்டவன் என்று பெரியவர்கள் கருதுகிறார்களோ அப்படியே தன்னை எண்ணிக்கொள்கிறது.

இச்சோதனையில் எனக்கு ஒரு மாறுபாடும் உண்டு. கண்டதைச் சொல்வது வேறு. ஆகவேண்டியதை ஆகிவிட்டதுபோலச் சொல்வது வேறு. நம் கிராமத்துப் பிள்ளைகள் பொய்ப் புகழ்ச்சியை நொடியில் கண்டுகொள்வார்கள். ஆகையால், ஆசிரியர் முதலில் பார்க்கவேண்டும், பார்த்ததைச் சொல்லவேண்டும். “நீ நல்ல பையன்” என்றால் அதில் ஒன்றுமில்லை. “நேற்று மழையில் முதல் வகுப்புக் குழந்தை வழுக்கி விழுந்தபோது அவளுடைய புத்தகங்களை நீ எடுத்துத் துடைத்துக் கொடுத்தாய், பிறர் துன்பத்தைப் பார்க்கும் கண் உனக்கு இருக்கிறது” என்றால், அதை அவன் மறக்கமாட்டான். இன்னொன்றும் உண்டு. “அவனைப் பார்த்தாவது திருந்து” என்று ஒருவனுடைய நற்குணத்தை மற்றவன்மீது கல்லாக எறிவது பாராட்டு ஆகாது. அது பிரம்புக்கு வேறொரு பெயர். தவறு நடந்தால் பேசாமல் விட்டுவிடவேண்டும் என்றும் யாரும் எண்ணவேண்டாம். எழும்பூரில் குற்றங்கள் கேட்கப்பட்டன, நியாயம் சொல்லப்பட்டது. ஆனால், குற்றம் செய்தவன் மறுநாளும் நடுவராக அமரத் தகுந்தவனாகவே இருந்திருக்கவேண்டும் என்று எண்ணுகிறேன்.

குழந்தைகளுக்கான இலவச கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009இல் நிறைவேறியது; 2010 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அதன் 17ஆம் பிரிவு, குழந்தையின் உடலைத் தண்டிப்பதையும் மனத்தைத் துன்புறுத்துவதையும் ஒருங்கே தடை செய்கிறது. இரண்டாவது சொல்லைக் கவனியுங்கள். காம்பெல் கண்ட பிரம்போடு லங்காஸ்டரின் கூடையும் சேர்த்தே விலக்கப்பட்டுவிட்டது. பிரம்பை மூலையில் வைத்துவிட்ட பின், இனி எதைக் கொண்டு வகுப்பை நடத்துவது என்று ஆசிரியர் பலர் திகைத்ததும் உண்மை. தமிழ்நாட்டில் 2012-13ஆம் கல்வியாண்டில் முப்பருவ முறையோடு தொடர் மதிப்பீடு வந்தபோது, மதிப்பெண்ணோடு பிள்ளையின் மனப்பான்மை, நற்பண்பு, வாழ்க்கைத் திறன் ஆகியவற்றையும் பதிவு செய்யும் வழக்கம் ஏற்பட்டது. நல்ல எண்ணந்தான். ஆனால், பருவம் முடியும் நாளில் நாற்பது பெயர்களுக்கும் ஒரே மூச்சில் ‘நன்று’, ‘நன்று’ என்று எழுதிக்கொண்டு போனால் அந்தப் பக்கத்தில் மை இருக்குமே தவிரப் பிள்ளை இருக்கமாட்டான்.

நான் பணியாற்றிய பள்ளிகளில் தனியே ஒரு குறிப்பேடு வைத்திருந்தேன். அரசாங்கம் கேட்டது அன்று. கோடு போட்ட சாதாரண நோட்டுப் புத்தகம். பக்கத்துக்கு ஒரு பெயர். அந்தப் பிள்ளை செய்த நற்செயலை நான் கண்ணால் கண்டபோது மட்டுமே தேதியிட்டு ஒரு வரி எழுதுவேன். எழுதியதைத் தனியே அழைத்து அவனிடம் சொல்வேன். ஒரு சிறுவன் நாள்தோறும் சண்டை போடுவான். அவனைப் பற்றி முறையிடாத ஆசிரியர் இல்லை. அவனுடைய பக்கம் மூன்று வாரம் வெறுமையாகவே கிடந்தது. நான்காம் வாரம், பள்ளி விட்டபின், குழாயடியில் ஒழுகிய நீரைத் தானே ஒரு வாளியில் பிடித்து வேப்பங்கன்றுக்கு ஊற்றிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். எழுதினேன், மறுநாள் அவனிடம் சொன்னேன். ஏதும் பேசாமல் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். சண்டை உடனே நின்றுவிடவில்லை. அப்படி நிற்பதெல்லாம் கதைகளில்தான். ஆனால், அந்தக் கன்றுக்கு ஆண்டு முழுவதும் அவனே நீர் ஊற்றினான். மற்றவர்கள் அவனைத் தேடி வந்து, தம் வகுப்புச் செடிகளுக்கும் வழி கேட்கலானார்கள். வழி கேட்க வருபவனோடு சண்டை போடுவது எளிதன்று. ஆண்டு இறுதியில் முறையீடுகள் வாரத்துக்கு ஒன்றாகக் குறைந்திருந்தன.

வெள்ளிக்கிழமை மாலை, மணியடித்தபின், அக்குறிப்பேட்டைப் புரட்டிப் பார்ப்பது என் வழக்கம். நிறைந்த பக்கங்களை வேகமாகத் தள்ளிவிடுவேன். அவர்களைப் பார்க்க எல்லோருக்கும் கண் இருக்கிறது. வெறுமையாக உள்ள பக்கங்களின் பெயர்களை மட்டும் ஒரு துண்டுத் தாளில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வேன். திங்கட்கிழமை காலையில் பள்ளி வாயிலில் நிற்கும்போது, என் கண் முதலில் தேடுவது அவர்களையே. அவர்களில் பலர் கடைசியில்தான் வருவார்கள்.